மகள் கிட்னி டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள், தாத்தாவுக்குத் துணையாக டயாலிசிஸ் வார்டுக்குப் போய்வந்த பிறகு "கிட்னி டாக்டர்தான் ஆவேன்" என்று உறுதியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். எத்தனை வருடம் ஆகும், எவ்வளவு செலவாகும், கல்யாணம் எப்போது செய்வது, பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "இதற்கு நடுவில் பள்ளிக்கூடத்தில் ஜூனியர் ரெட் கிராஸ் செயலாளர் என்று அலைகிறாள், அதை விடச் சொல்லலாமா?" என்று கடைசியில் சேர்த்திருந்தீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியைப் போகிற போக்கில் கேட்டதுபோல இருந்தது. எனக்கோ அதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் வருடக் கணக்கு. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் 4.5 வருடப் படிப்பு, 1 வருடம் ஹவுஸ் சர்ஜன். அப்புறம் நீட் பி.ஜி. எழுதி, பொது மருத்துவத்தில் எம்.டி. 3 வருடம். அதற்கும் பிறகு நீட் எஸ்.எஸ். என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு. அதில் இடம் கிடைத்தால் நெஃப்ராலஜி எனும் சிறுநீரக மருத்துவத்தில் டி.எம்., இன்னொரு 3 வருடம். எம்.டி.க்குப் பதிலாக டி.என்.பி., டி.எம்.முக்குப் பதிலாக டி.ஆர்.என்.பி. என்ற வழியும் உண்டு. எங்கும் தடங்கல் இல்லாமல் போனாலே 11.5 வருடம். ஆனால் ஒவ்வொரு நுழைவுத் தேர்வுக்கும் ஒரு வருடம் கூடுதலாகப் போகலாம், நடுவில் கட்டாய அரசுப் பணியும் வரலாம். அதனால் 32, 33 வயதில்தான் பெயருக்குப் பின்னால் டி.எம். வரும் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கேட்டதும் பயமாக இருக்கும். ஆனால் இந்த வருடங்கள் முழுக்க நீங்கள் பணம் கட்டிக்கொண்டே இருக்கப் போவதில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே உதவித்தொகை வரும். எம்.டி., டி.எம். படிக்கும்போது மாதாமாதம் சம்பளம் போல ஒரு தொகை வரும். 23 வயதுக்குப் பிறகு அவள் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் டாக்டர். அரசுக் கல்லூரி என்றால் எம்.பி.பி.எஸ். கட்டணமும் நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. அவள் எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வருகிறவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியை ஒதுக்கியிருக்கிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறும், அந்தந்த வருடத்துக் கவுன்சலிங் விளக்கக் குறிப்பைப் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செலவைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியார் கல்லூரி எம்.பி.பி.எஸ். சீட்டுக்காக நிலத்தை விற்காதீர்கள். கிட்னி ஸ்பெஷலிஸ்ட் ஆக அதற்கு மேல் இன்னும் இரண்டு நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. முதல் கட்டத்திலேயே குடும்பத்தின் கையிருப்பு முழுவதையும் கொட்டிவிட்டால், "சீக்கிரம் சம்பாதி" என்ற பாரம் பிள்ளையின் தோளில் ஏறிவிடும். அந்தப் பாரத்தோடு 11 வருடம் ஓட முடியாது. அதைவிட ஒரு வருடம் காத்திருந்து மறுபடி நீட் எழுதுவது நல்லது.

உங்கள் தம்பி "கிட்னி என்றால் டயாலிசிஸ், ஒரே சோகம், ஸ்கேன் டாக்டராகவோ தோல் டாக்டராகவோ போகட்டும்" என்கிறாராம். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சூப்பர் ஸ்பெஷாலிட்டி தேர்வு எழுதுகிறவர்கள் இதயத்துக்கும் குடல், கல்லீரல் மருத்துவத்துக்கும் ஓடுகிற வேகத்தில் சிறுநீரகத்துக்கு ஓடுவதில்லை. ராத்திரி டூட்டி அதிகம், நோயாளிகளின் நிலைமை கடினம். சிறுநீரகம் சத்தம் போடாமல் கெடும் உறுப்பு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டரை வடிகட்டி, கடைசியில் ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. அந்த வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போகும்வரை, ரத்தத்தில் சேரும் கழிவை அளக்கும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தான் பல பேர் முகம் வீங்கி, மூச்சு வாங்கி, டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் வந்து நிற்கிறார்கள். உங்கள் மகள் பார்த்தது அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும்தான்.

அவள் பார்க்காததும் நிறைய இருக்கிறது. பாம்புக் கடியிலும் எலிக்காய்ச்சலிலும் கடும் வயிற்றுப்போக்கிலும் சிறுநீரகம் நின்றுபோய் வந்தவர்கள், சில வாரம் டயாலிசிஸ் செய்ததும் சிறுநீர் பிரிந்து, முழுசாகக் குணமாகி நடந்து வீட்டுக்குப் போவார்கள். சர்க்கரைக்காரர் ஒருவரின் சிறுநீரில் புரதம் கசிவதை ஆரம்பத்திலேயே பிடித்து, மருந்தும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடுமாக டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட பெண் கருத்தரித்தால், அந்தப் பத்து மாதமும் மகப்பேறு மருத்துவரோடு கூடவே நிற்பதும் கிட்னி டாக்டர்தான். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: கல் எடுப்பது, மாற்றுச் சிறுநீரகத்தை அறுவை செய்து பொருத்துவது எல்லாம் யூராலஜி, அதற்கு எம்.எஸ். முடித்துவிட்டுப் போக வேண்டும். நெஃப்ராலஜிஸ்ட் கத்தி எடுப்பவர் இல்லை. இவருடைய நோயாளிகள் பத்து, இருபது வருடம் கூடவே வருவார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணம், கடன், வேலை இழப்பு எல்லாம் இவருக்குத் தெரிந்திருக்கும். யாருக்கு இது ஒத்துவரும் என்றால், தினம் ஒரு வெற்றியை எதிர்பார்க்காமல், ஒரு மனிதரோடு நெடுங்காலம் பயணம் செய்யும் பொறுமை உள்ளவருக்கு. தாத்தாவோடு போய் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அலுக்காமல் அடுத்த முறையும் போகிற பெண்ணிடம் அது இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்ற கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற டாக்டரின் வாழ்க்கையைத்தான். உங்கள் மகளிடமும் சொல்லுங்கள்.

1926இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அங்கே விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, சொவேட்டோவின் பரக்வனாத் மருத்துவமனையில் வேலை பார்த்து, 1950களில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் சிறுநீரக நோயும் ரத்த அழுத்தமும் அவருடைய துறை ஆயின. அங்கேயே கென்னத் ஃபேர்லி என்ற ஆஸ்திரேலிய டாக்டரைத் திருமணம் செய்துகொண்டு 1958இல் மெல்போர்ன் வந்தார். வந்த இடத்தில் கதவு மூடியிருந்தது. திருமணமான பெண்ணுக்கு முழுநேர நிரந்தர வேலை கிடையாது என்பது அந்தக் காலத்து நடைமுறை. லண்டனில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிப் பெயர் எடுத்துவிட்டு வந்தவருக்கு இங்கே பகுதி நேர வேலைதான் கிடைத்தது. அவர் அதை மறுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. பகுதி நேர வேலைகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு முழு வேலையாக ஆக்கிக்கொண்டார். மூன்று குழந்தைகளையும் வளர்த்தார். 1967இல் ராயல் மெல்போர்ன் மருத்துவமனையின் நெஃப்ராலஜி துறைக்கு இயக்குநரானார், 1991 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1975இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பதவிகள் அல்ல, ஒரு மாத்திரைப் பொடியின் கதை. அந்த நாளில் ஆஸ்திரேலியாவில் தலைவலிக்கு பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்ற பெயர்களில் பொடிகள் விற்றார்கள். ஆஸ்பிரின், ஃபினாசெட்டின், காஃபின் மூன்றும் கலந்தவை. டாக்டர் சீட்டு வேண்டாம், கடையில் கேட்டால் கிடைக்கும். வீட்டு வேலையில் அலுத்துப்போன பெண்கள் டீயோடு சேர்த்து ஒரு பொடி போட்டுக்கொள்வது சாதாரணப் பழக்கம். ஒன்று நாளடைவில் இரண்டாகும், பல வருடம் தொடரும். ஃபினாசெட்டின் மீது 1953இலேயே சுவிட்சர்லாந்தில் சந்தேகம் எழுந்திருந்தது. மெல்போர்னில் கின்கெய்ட்-ஸ்மித் பார்த்தது, சிறுநீரகம் கெட்டு வருகிறவர்களில் திரும்பத் திரும்ப இந்தப் பொடிப் பழக்கம் உள்ளவர்களை. அவருக்கு நோய்க்கூறியல் நன்றாகத் தெரியும், சிறுநீரகத் திசுவை அவரே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். கெடுதி முதலில் எந்த இடத்தில் தொடங்குகிறது, ஏன் அங்கே தொடங்குகிறது என்று 1967இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்.

கட்டுரை வெளியானதும் பொடி விற்பனை நின்றுவிடவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார், அவரைப் போலவே அந்நாட்டின் வேறு சில சிறுநீரக மருத்துவர்களும் பேசினார்கள். 1970களின் இறுதியில் இந்தக் கலவை மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில், அந்தக் காரணத்தால் டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஆஸ்திரேலியாவில் படிப்படியாகக் குறைந்துபோனது. ஒரு டாக்டர் தன் அறையில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கப் பார்த்தாலும் அத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்திருக்க முடியாது.

அவர் 1972 முதல் 1975 வரை உலக நெஃப்ராலஜி சங்கத்தின் தலைவர். 1986 முதல் 1988 வரை ராயல் ஆஸ்திரேலேசியன் மருத்துவர் கல்லூரியின் தலைவர், அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். 1994இல் உலக மருத்துவச் சங்கத்தின் தலைவரானார், அங்கேயும் முதல் பெண். மருத்துவர்கள் எடுத்துக்கொள்ளும் ஜெனீவா உறுதிமொழியையும், மனிதர்கள் மீது ஆய்வு செய்வதற்கான ஹெல்சின்கி நெறிமுறைகளையும் உருவாக்கிய அமைப்பு அது. 2015இல் தன் 88ஆம் வயதில் காலமானார்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சங்கம், தலைமை எல்லாம் படிப்புக்கு இடைஞ்சல் என்று பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். வேறு சிலர் அதைப் பதவி ஆசை என்று ஒதுக்குகிறார்கள். சிறுநீரக மருத்துவத்தில் இதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது. இந்த நோய்க்கான காரணங்களில் பல மருத்துவமனைக்கு வெளியே இருக்கின்றன: கவனிக்காத சர்க்கரை, கவனிக்காத ரத்த அழுத்தம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. முழங்கால் வலிக்குத் தினமும் ஒன்று என்று நம் வீடுகளில் எத்தனை பாட்டிகள் போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிகிச்சையும் வெளியேதான் தீர்மானமாகிறது: டயாலிசிஸ் மெஷின் எந்த ஊரில் இருக்கும், காப்பீடு எதற்குப் பணம் தரும், உறுப்பு தானத்தில் யாருக்கு முதலில் என்ற வரிசை எப்படி. இதையெல்லாம் ஒரு டாக்டர் தனியாகக் கேட்டால் நகராது. பல பேர் சேர்ந்து, கணக்கு வழக்கோடு கேட்டால்தான் அரசு காது கொடுக்கும். சங்கம் அதற்குத்தான்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். இந்தியாவில் 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. அதற்கு முந்தின வருடம் இந்திய நெஃப்ராலஜி சங்கம் தொடங்கியிருந்தது. துறையும் சங்கமும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. சண்டிகரில் பி.ஜி.ஐ. என்ற மருத்துவ உயர்கல்வி நிறுவனத்தில் படித்து அங்கேயே பேராசிரியராக இருந்த விவேகானந்த் ஜா, 2019 முதல் 2021 வரை உலக நெஃப்ராலஜி சங்கத்தின் தலைவராக இருந்தார், கின்கெய்ட்-ஸ்மித் அமர்ந்த அதே பொறுப்பு. சென்னையில் டாக்டர் எம்.கே. மணி வேறு வழியில் போனார். பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலமாகச் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று சோதித்தார்கள். பிரச்சினை இருந்தவர்களுக்கு விலை குறைந்த மருந்துகளாலேயே சிகிச்சை. எனக்கு இந்த வேலையின் மேல் தனி மரியாதை உண்டு. விலை உயர்ந்த சிகிச்சையில் வல்லவரான ஒருவர், அந்தச் சிகிச்சையே தேவைப்படாமல் செய்யப் பாடுபட்டிருக்கிறார்.

ஆனால் சங்க வேலையின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. அதற்குச் சம்பளம் கிடையாது. நாள் முழுக்க ரவுண்ட்ஸும் புறநோயாளிகளும் பார்த்த பிறகு, வீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் கூட்டம். தேர்தல் உண்டு, கோஷ்டிகள் உண்டு. பொறுப்புக்கு வந்தபின் தொழிலில் மந்தமாகிவிட்டவர்களும் உண்டு. வார்டில் பெயர் வாங்கிய டாக்டர் சங்கத்தில் பேசினால்தான் மதிப்பு, அதனால் முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலைதான் முதன்மை. அந்தக் காலத்தில் தொழிலோடு சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியவை சில: தரவுகளைப் படிக்கத் தெரிவது, தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதுவது, கருத்து ஒத்துப்போகாதவர் பேசி முடிக்கும்வரை கேட்பது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென்றே ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு குறுகிய கால ஆய்வுத் திட்டம் வைத்திருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்தத் துறையில் இன்னும் விடை கிடைக்காத கேள்விகள் இருக்கின்றன. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் சர்க்கரையும் இல்லாமல் ரத்த அழுத்தமும் இல்லாமல் விவசாயிகளுக்கு ஏன் சிறுநீரகம் கெடுகிறது என்பது அவற்றில் ஒன்று. அவளுடைய தலைமுறைக்கு வேலை காத்திருக்கிறது.

கல்யாணத்தைப் பற்றி நான் நாள் குறித்துச் சொல்ல முடியாது, அது உங்கள் குடும்பமும் அவளும் பேசி முடிவெடுப்பது. எம்.டி. சேர்ந்த பிறகோ டி.எம். படிக்கும்போதோ திருமணம் செய்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். எம்.பி.பி.எஸ். முடித்துப் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் அந்த ஒன்று, இரண்டு வருடத்தில் மட்டும் வரன் பேச்சை எடுக்காதீர்கள். படிப்பு தடம் மாறிப்போவது பெரும்பாலும் அங்கேதான். அப்புறம், வருகிற மாப்பிள்ளை வீட்டில் ராத்திரி டூட்டியைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள், நகையைப் பற்றிப் பேசுவதைவிட இது அவசரம்.

நீட் கைகொடுக்காவிட்டால் என்ன என்றும் இப்போதே யோசித்து வையுங்கள். அவளிடம் மறைக்க வேண்டாம். பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி என்ற படிப்பு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இருக்கிறது. தாத்தாவுக்கு ஊசி குத்தி மெஷினில் இணைக்கிறாரே, அவர் அந்தப் படிப்பு படித்தவராக இருக்கலாம், அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். செவிலியர் படிப்பு, உணவியல், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலை எல்லாமே அதே நோயாளியைச் சுற்றி இருப்பவைதான். அவளுக்குப் பிடித்தது அந்த மனிதர்களா, டாக்டர் என்ற பட்டமா என்பது இந்தப் பேச்சில் தெரிந்துவிடும். இரண்டில் எதுவானாலும் திட்டாதீர்கள். 16 வயதில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்காது. எம்.பி.பி.எஸ். சேர்ந்து நான்காம் வருடத்தில் "எனக்குக் குழந்தை மருத்துவம்தான் பிடிக்கிறது" என்று வந்து நின்றாலும் தவறில்லை.

ஜூனியர் ரெட் கிராஸ் செயலாளர் பொறுப்பை விடச் சொல்லாதீர்கள். இந்த வருடம் முழுக்க இருக்கட்டும். பிளஸ் டூ வந்ததும் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாக அடுத்த மாணவிக்குப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு வேலையை அவளே முன்னின்று செய்யட்டும்: மார்ச் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினம். தலைமையாசிரியரிடமும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பேசி, பள்ளிக்கு வரும் பெற்றோருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதத்தை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். அன்று வரிசையில் நீங்களும் நில்லுங்கள், அம்மா. உங்கள் அப்பாவுக்கு இந்த நோய் இருப்பதால் நீங்களும் வருடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.